இரண்டாவது பெட்டிக்கு என்ன வேலை?

ஒரு விடுகதை போடுகிறேன், விடை தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போடுவார்கள். விடை ஒன்றாக வந்துகொண்டிருக்கும்வரை யாரும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவன் மயங்கி விழுந்தாலும் மற்றவன் கணக்கை நிறுத்தமாட்டான். விழுந்த விஷயம் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. யார் அவர்கள்?

தெரியவில்லையென்றால் கவலை வேண்டாம். என்னோடு வேலை செய்பவர்களில் அநேகருக்கும் தெரியாது. பழுதைத் தாங்கும் சேர்வர் என்று ஒரு கணினி இருக்கிறது. அதற்குள்ளே இருக்கும் இரண்டு புரொசெசர் பெட்டிகள்தான் அந்த இருவர். அவர்களைக் கவனித்துக்கொள்வது என் தொழில். ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காத தொழில் இது.

தண்ணீர்ப் பம்பிக்குப் பொறுப்பானவர்களே, ஜெனரேட்டருக்கு எண்ணெய் பார்ப்பவர்களே, லிஃப்ட் திருத்துபவர்களே, நீங்கள் என் சொந்தக்காரர்கள். நமது அறைக்கு ஒருவர் ஓடி வருகிறார் என்றால் அவர் நன்றி சொல்ல வரவில்லை. உங்களுக்கு இந்தக் கதைகள் விளங்கும்.

எங்களுடையது மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எந்தக் கட்டிலுக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் வார்ட்டுத் திரைகளில் தெரியும். திரைகளுக்குப் பின்னால் இருப்பது எங்கள் சேர்வர். புரொசெசர் சின்னச் சின்னப் பிழைகள் விடும், தானே திருத்திக்கொள்ளும். பிழைகள் அளவுக்கு மேல் கூடினால் அந்தப் பெட்டியை இயந்திரமே ஒதுக்கிவிட்டு மற்றப் பெட்டியோடு ஓடும். நானும் காத்தான்குடி றிஸ்வானும் சூட்டையும் பிழைகளையும் பார்த்தபடி இருப்போம். ஒதுங்கிய பெட்டியை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிவிட்டுப் புதியதைச் செருகுவோம். வார்ட்டில் ஒரு திரைகூடக் கண் சிமிட்டாது.

ஒரு நோயாளிக்கு இரண்டு கட்டில்

புதிய பணிப்பாளர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்ற பிறகு எங்களிடம் வந்தவர். நல்ல வைத்தியர். ஆஸ்பத்திரியில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பார்த்து, “இது என்ன செய்யுது?” என்று கேட்பது அவருடைய வழக்கம். சமையலறையில் கேட்டார், சலவை அறையில் கேட்டார், பிறகு எங்களிடம் வந்தார்.

“இது என்ன செய்யுது தம்பி?”

எனக்கு ஐம்பது கடந்துவிட்டது. இருந்தாலும் அவருக்கு நான் தம்பிதான். “வார்ட்டு வேலை எல்லாத்தையும் பார்க்குது சேர்.”

“அப்ப மற்றது?”

“அதுவும் அதையேதான் பார்க்குது.”

“இது பார்த்து முடிச்சாப் பிறகா?”

“இல்ல சேர், இதோட சேர்ந்து, அதே நேரத்தில.”

அவர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். காத்தான்குடியில் எங்கள் கிளினிக் ஒன்று திறக்கப் போகிறது, அதற்கும் ஒரு சேர்வர் வேண்டும். வெறும் கூடு ஒன்று வாங்கி எங்கள் இரண்டாவது பெட்டியை அதில் போட்டால் ஓடுமா என்று கேட்டார். ஓடும். ஓடாது என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஆனால் அங்கும் துணையில்லாமல் ஓடும், இங்கும் துணையில்லாமல் ஓடும். இங்கே மிச்சமிருக்கும் பெட்டி விழுந்தால், தாதி ஊசியும் கையுமாக நிற்கும் நேரத்தில் திரை இருண்டு போகும். இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கிளினிக் திறக்க மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் தனக்கு விளங்குகிற மாதிரி ஒரு காரணம் சொன்னால் பெட்டி இருக்கலாம், இல்லாவிட்டால் வேனில் ஏறும் என்றார். நான் கதவடிக்குப் போனபோது பின்னாலிருந்து கேட்டார்: “நாப்பது வருசம் வார்ட் பார்த்த ஆள் நான். ஒரு நோயாளி ரெண்டு கட்டில் பிடிச்சு வெச்சிருந்தா, ஒண்ட நான் எடுப்பனா மாட்டனா?”

வருத்தம் சொன்னது யார்?

அடுத்த வாரம் ஒரு காலையில் கூரியர்காரர் வந்தார். தன்னாமுனை ஊர்க்காரர், எங்களுக்குப் பழக்கம். நெல்மூட்டை அளவு பார்சல் ஒன்றைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்திருந்தார். லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. நாங்கள் எதுவும் எடுப்பிக்கவில்லையே என்றேன். அவர் பார்சலை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். திருப்பிக் கொண்டுபோகும் எண்ணம் அவருக்கு இல்லை என்பது தெரிந்தது.

கொழும்பிலுள்ள முகவருக்குப் போன் எடுத்தேன். “உங்கட ஒரு பெட்டியில பிழை கூடிப்போச்சு. சேர்வரே எங்களுக்குச் செய்தி அனுப்பினது. அதான் புதுப் பெட்டி அனுப்பினம்” என்றார்கள். அது உண்மைதான். அந்த இயந்திரத்துக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. தனக்கு உடம்பு சரியில்லை என்று தோன்றினால் எங்களைக் கேட்காமல் தாய்வீட்டுக்குச் சொல்லிவிடும். அந்தப் பெட்டியில் பிழைகள் ஏறுவதை நானும் கவனித்துத்தான் வந்தேன். அன்றைக்குத்தான் முகவருக்கு எழுதுவதாக இருந்தேன். அதற்குள் அது முந்திக்கொண்டது.

கூரியர்காரர் றிஸ்வான் கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். “வருத்தம் எண்டு மெசினே சொல்லுது, மருந்தையும் மெசினே எடுப்பிக்குது. மறுகா நீங்க ரெண்டு பேரும் என்னத்துக்கு அண்ணன்? கையெழுத்து வைக்கவா?”

எழுவானும் படுவானும்

பழுதான பெட்டியைக் கவனிக்காமல் விடுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றமில்லை. அதை இயந்திரமே கவனித்துக்கொள்ளும். பெரிய குற்றம், நல்ல பெட்டியைக் கழற்றுவது. பழுதானது ஏற்கெனவே ஒதுங்கி ஓய்வில் இருக்கும். நல்லது ஒற்றையாளாகச் சுமந்துகொண்டிருக்கும். அதை இழுத்தால் ஆஸ்பத்திரி முழுக்க இருட்டு. இந்தத் தவறை வெளியாள் யாரும் செய்ய முடியாது. எங்களைப் போன்றவர்களால் மட்டுமே செய்ய முடியும்.

அந்தப் புதுப் பெட்டியை மாற்றும்போது நான் முன்பக்கம் நின்றேன். றிஸ்வான் வயர்களைக் கழற்றப் பின்பக்கம் போனார். “இடப்பக்கத்துப் பெட்டி” என்றேன். “ஓம் அண்ணன், இடப்பக்கம்” என்றார். அவருக்கு இடது எனக்கு வலது என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அதற்குள் அவருடைய இரண்டு விரல்கள் நல்ல பெட்டியின் கொளுக்கியில் இருந்தன. அவர் விரல்களை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. “அண்ணன், நான் இப்ப மூச்சு விடலாமா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றோடு இடது, வலது என்ற சொற்களை அந்த அறையில் தடைசெய்தோம். சன்னலுக்கு வெளியே வாவி தெரிகிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நீங்கள் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் சூரியன் எழும் பக்கமும் படும் பக்கமும் மாறுவதில்லை. கிழக்குப் பக்கத்துப் பெட்டிக்கு எழுவான் என்றும், மேற்குப் பக்கத்துக்குப் படுவான் என்றும் பெயர் வைத்தோம். ஒரு பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னர் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்று, அதே பெட்டியில் கை வைத்து, பெயரை உரத்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒருநாள் இதைப் பழகிக்கொண்டு நின்றபோது பணிப்பாளர் உள்ளே வந்துவிட்டார். இரண்டு பேர் ஓர் இயந்திரத்தை இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டு “படுவான்! படுவான்!” என்று கூவுவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். விளக்கம் சொன்னோம். “நல்லது. அப்ப காத்தான்குடிக்குப் படுவான அனுப்புவம்” என்றார். றிஸ்வானுக்கு அது ஊர்ப் பிரச்சினை. “சேர், காத்தான்குடி இரிக்கிறது எழுவான்கரையில. படுவான அங்க கொண்டு போய் வெச்சா எங்கட ஊர்ச் சனம் என்னத்தான் ஏசும்.”

புஸ்பம் மிஸ்ஸின் விசிறி

மாமாங்கத் திருவிழாக் காலம். அமிர்தகழிக் கோயிலுக்குப் போகிற சனத்தால் வீதி நிறைந்திருந்தது. ஒரு மதியம் பார்த்து எங்கள் அறையின் ஏசி நின்றது. திருத்துகிறவருக்குப் போன் எடுத்தேன். எடுத்தார், ஆனால் மேளச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் கத்தியது அவருக்குக் கேட்டிருந்தால் அது மேளக்காரருக்கும் கேட்டிருக்கும்.

படுவான் இருப்பது மேற்குச் சுவரோரம். பின்னேர வெயில் அந்தச் சுவரில்தான் விழும். சூடு ஏற ஏறப் பார்த்துக்கொண்டிருந்தேன். றிஸ்வான் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய், மீன்வாடியிலிருந்து ஒரு பாளம் ஐஸைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். வாசலிலேயே மறித்தேன். இந்த இயந்திரத்துக்குச் சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கத் தெரியும், ஈரத்தைத் தாங்கத் தெரியாது. வாவிக் காற்றின் உப்பு ஈரமே எங்களுக்கு வேண்டியமட்டும் இருக்கிறது. ஐஸ் கன்ரீனுக்குப் போனது. அன்றைக்கு அங்கே தேசிக்காய்த் தண்ணீர் குடித்தவர்கள் அதில் சூரை மீன் வாசம் வீசுவதாக முறையிட்டார்கள். அந்த முறைப்பாடும் எங்கள் பெயரில்தான் பதிவானது.

நாங்கள் ஐஸைப் பற்றித் தர்க்கித்துக்கொண்டிருந்தபோதே படுவான் சூடு தாங்காமல் ஒதுங்கிக்கொண்டது. எழுவான் தனியே ஓடியது. நான் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், அதற்குப் பொறுப்பான புஸ்பம் மிஸ்ஸிடம் மேசை விசிறி கேட்டேன்.

“மனிசருக்கே காத்தில்ல, பெட்டிக்கு விசிறியா? போங்க தம்பி, அங்கால!”

“மிஸ், இப்ப ஒரு பெட்டிதான் ஓடுது. அதுவும் சூடாகினா உங்கட திரையில ஒண்டும் தெரியாது.”

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். ஆறு கட்டில்களின் மருந்தும் நேரமும் வழக்கம்போல வரிசையாக நின்றன. பிறகு கட்டில்களைப் பார்த்தார். தன் மேசையிலிருந்த விசிறியின் வயரைப் பிடுங்கி, கையாலேயே சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினார். பக்கத்து வார்ட்டுகளிலிருந்தும் இரண்டு விசிறிகளை வாங்கிக்கொண்டு வந்தார். ஏசி திருத்துகிறவர் நெற்றி நிறைய விபூதியோடு பொழுதுபடும் நேரத்தில் வந்து சேரும்வரை எழுவான் நின்றுபிடித்தது. விசிறியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மிஸ் சொன்னார்: “ரெண்டில ஒண்டு படுத்துட்டு எண்டு உங்கட மூஞ்சியில தெரிஞ்சிது, என்ட திரையில தெரியல்ல. எனக்கு அது போதும் தம்பி. ஆனா விசிறியில தூசி. துடைச்சுத் தாங்க.”

வேறு வேறு வேலை

மச்சானுடைய கலியாணத்துக்கு விடுமுறை கேட்டுப் பணிப்பாளரிடம் போனேன். றிஸ்வானும் கூட வந்திருந்தார். நீங்கள் போனால் உங்கள் வேலையை யார் பார்ப்பது என்று பணிப்பாளர் கேட்டார். றிஸ்வான் பார்ப்பார் என்றேன். “அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வேலையா?” என்றார். “ஓம் சேர்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கண்ணாடியைத் துடைத்தால் அவர் ஆளையோ பொருளையோ மனதுக்குள் கழித்துப் பார்க்கிறார் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். றிஸ்வான் எனக்கு முன்னால் பாய்ந்தார். “இல்ல சேர்! அண்ணன் சரியாச் செய்வார், நான் பிழையாச் செய்வன். ரெண்டும் வேற வேற வேல!”

ஒன்றும் நடக்காத சனிக்கிழமை

மூன்று மாதமும் முடிந்தது. பணிப்பாளருக்கு நான் படம் வரைந்து காட்டினேன். இரண்டு மாடு பூட்டிய வண்டில் என்றேன். இரண்டு சிறுநீரகம் என்றேன். “ஒண்டோட சீவிக்கிறவங்க எத்தினை பேர நான் பாத்திருக்கன் தெரியுமா?” என்றார். பிறகு நான் உவமை சொல்வதை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை காலை வேன் வந்து கீழே நின்றது. நான் ஒன்று மட்டும் கேட்டேன்: பெட்டி போகத்தான் போகிறது என்றால், அதை உங்கள் கையாலேயே இழுங்கள். என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சம்மதித்தார்.

எல்லா வார்ட்டுக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். மருந்து விபரங்களைக் கடதாசியில் அச்சடித்து ஒவ்வொரு கட்டிலிலும் கொழுவியிருந்தோம். சத்திர சிகிச்சை ஒன்றும் இல்லாத நேரம் பார்த்தோம். இரண்டு பெட்டிகளும் நல்ல சுகம். புஸ்பம் மிஸ் போனில் காத்திருந்தார். தள்ளுவண்டி கிடைக்காததால் றிஸ்வான் ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, அதில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார். பணிப்பாளர் தன் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் அன்றைக்கு யாரும் இல்லையாம். ஆறு வயது இருக்கும். சக்கர நாற்காலியில் உட்காரப் போகும் நோயாளி எங்கே என்று அந்தப் பிள்ளை கட்டிலுக்குக் கீழே தேடுவதுபோல மேசைக்குக் கீழே தேடிப் பார்த்தது.

பணிப்பாளர் படுவானையே தெரிந்தெடுத்தார். முன்னும் பின்னும் கை வைத்துப் பெயர் சொன்னோம். அவர் கொளுக்கியைத் திறந்து இழுத்தார். பெட்டி வழுக்கி வெளியே வந்தது. றிஸ்வான் அதைத் தாங்கி எடுத்து நாற்காலியில் இருத்தினார். நான் போனை எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தேன்.

“மிஸ், என்ன நடந்தது?”

“எங்க?”

“திரையில.”

“மூண்டாம் கட்டில் ஐயாவுக்குப் பத்தரைக்கு ஊசி எண்டு காட்டுது. நீங்க எப்பகா தொடங்குவீங்க? எனக்கு வேல இரிக்கி.”

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா தம்பி? ஒண்டும் நடக்கல்ல! நான் சொன்னதுதானே, இது தேவையில்லாத பெட்டி.”

பம்பியும் லிஃப்டும் பார்க்கும் சொந்தக்காரர்களே, அந்த நேரம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்பது உங்களுக்குத்தான் விளங்கும். இயந்திரம் தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்தது. அதுவே அதற்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அப்போது பின்னாலிருந்து றிஸ்வானின் குரல் வந்தது.

“அப்ப மத்ததையும் இழுங்க சேர். ஒண்டும் நடக்காதுதானே?”

பணிப்பாளரின் கை எழுவானின் கொளுக்கிக்குப் போயேவிட்டது. நான் என் கையை அவருடைய கைக்கும் கொளுக்கிக்கும் இடையில் வைத்தேன். போனுக்குள்ளிருந்து புஸ்பம் மிஸ் கத்தினார்: “ஆர் அது? மற்றப் பெட்டியில ஆராவது கை வெச்சா, ஊசியோட நான் அங்க ஏறி வருவன்!”

பணிப்பாளர் கையை எடுத்துக்கொண்டார். எங்கள் அறைத் திரையிலும் புஸ்பம் மிஸ்ஸின் ஆறு கட்டில்களின் வரிகள் இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கடைசிவரை வாசித்தார். மூன்றாம் கட்டில் ஐயாவைக் காலையில் பார்த்துவிட்டு வந்தவர் அவர்தான். உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தார். ஆனால் தேவையில்லாத பெட்டி என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் சற்று முன்னர்தான் சொல்லியிருந்தார். சொன்னதைத் திருப்பி எடுத்துப் பழக்கமில்லாத மனிதர். கீழே வேன்காரர் ஹோர்ன் அடித்தார். அந்தப் பிள்ளை சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மகள்,” என்றார் பணிப்பாளர், எங்களைப் பார்க்காமல், “நீங்க சொல்லுங்க. இத வேனில ஏத்துவமா, இருந்த இடத்தில வைப்பமா?”

எங்கள் ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் இரண்டு பெட்டிகள் ஓடுவதற்கு நான் மூன்று மாதமாகச் சொன்ன காரணங்களில் ஒன்றும் காரணமல்ல: பிள்ளை பெட்டியை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் மாதிரிச் சுடுகிறது என்று சொல்லி, இருந்த இடத்தில் வைப்பதைத் தெரிவு செய்தது.